சாப்பிடாதவர்கள் காணாத ஊர்

ஆன்லூ நகரத்தில் ஒரு வாயாவது சாப்பிடாதவர்களின் கண்ணுக்கு ஆன்லூ நகரம் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது மழைக்காலம் வருவதைப் போல, ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் போலப் பழகிப்போன சங்கதி என்பதால் அதை வெளியாட்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அதனால்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சொந்தச் சமையல்காரரையும், மூட்டை கட்டிய பொன்னி அரிசியையும், சாம்பார்ப்பொடியையும், எலுமிச்சை ஊறுகாயையும் கூட்டிக்கொண்டு, கடல் தாண்டி, நான்கு நாள் சுற்றுலாவுக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் அங்கே போய் இறங்கிய இருபத்திரண்டு பேரும் ஊரைப் பார்க்காமலே ஊருக்குள் நுழைந்தார்கள்.

வெளியாட்களுக்கென்றே கட்டியதால் விடுதி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் வாசலில் இரண்டு பெண்கள் தாம்பாளம் ஏந்தி நின்றிருந்தார்கள். தாம்பாளத்தில் இலையில் மடித்த பசையரிசிச் சோறு, உள்ளே பாசிப்பருப்பும் தேங்காயும். சமையல்காரர் கருணாகரன் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இதுல என்னத்தப் போட்டு வேக வெச்சாங்களோ தெரியல. முதல் நாளே வகுத்தக் கெடுத்துக்காதீங்க. அரை மணி நேரம் பொறுங்க, இட்லி ஊத்திருவேன்" என்றார்.

ஒருவர் பின் ஒருவராகத் தாம்பாளத்தைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற நல்லசிவம் கும்பிடக்கூட இல்லை. வேலையில் இருந்த முப்பத்தோரு வருடமும், எந்த மலைக்காட்டில் கம்பம் சாய்ந்தாலும், தூக்குப்போசியில் வீட்டுச் சோறு கொண்டு போனவர் அவர். யார் ஆக்கியது என்று தெரியாத சோற்றில் கை நனைத்ததில்லை என்பதைப் பிறர் காசி போய் வந்ததைச் சொல்வது போலச் சொல்வார். கருணாகரன் சொந்த ஊர் ஆள் என்பதால்தான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்திருந்தார். அவர் மனைவி இராஜாமணி மட்டும் நின்றாள். தாம்பாளம் ஏந்திய பெண்ணின் கைகள் பாரத்தில் லேசாக நடுங்குவதைப் பார்த்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்து, அங்கேயே பிரித்து, நின்றபடியே தின்றாள்.

"ஏம்மிணி, அங்க என்ன பண்ற?" என்றார் நல்லசிவம் உள்ளிருந்து.

"வேண்டாங்கறதுக்கு மனசு வரலீங்க" என்றாள், வாய் நிறைய.

அன்று மதியம் பேருந்தில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். வழிகாட்டி லியென் என்ற முப்பது வயதுப் பெண். ஏழு வருடமாகத் தமிழ்நாட்டுக் கூட்டங்களை அழைத்துப் போய், அவர்கள் தயிர்சோற்றைத் தின்று, அவர்கள் பேச்சையே பேசக் கற்றிருந்தாள். "வலது பக்கம் பாருங்க, எழுநூறு வருசத்துக் கோபுரம், ஒம்பது அடுக்கு" என்றாள். எல்லோரும் வலது பக்கம் பார்த்தார்கள். அங்கே வெள்ளையாக, காயப்போட்ட வேட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தது போல, ஒன்றுமே இல்லாமல் இருந்தது. இடது பக்கம் மிதக்கும் சந்தை என்றாள். இடது பக்கமும் அதே வேட்டி. பனி மூட்டம் என்று முதலில் நினைத்தார்கள். சன்னலோரத்தில் இருந்த இராஜாமணி மட்டும், "அடேயப்பா, உச்சில என்னுங்க அது, தங்கமா?" என்று கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை பாக்கியம் டீச்சர்தான் கேட்டார். "ஏம்மா லியென், அந்தம்மாவுக்குத் தெரியுது, எனக்கேன் தெரியல? போன மாசந்தான் கண்ணாடி மாத்தினேன்."

"நீங்க இன்னும் சாப்பிடலியே டீச்சர்" என்றாள் லியென், சாதாரணமாக.

மாலை விடுதிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கோபிப் பக்கத்து மனிதர்கள் எதையும் கூட்டம் போட்டுப் பேசித் தீர்த்துக்கொள்கிறவர்கள் என்பதால், ஊர் கண்ணுக்குத் தெரியாததையும் தண்ணீர்க் குழாய் வராததைப் போலவே பேசினார்கள். இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்று எட்டுப் பேர் எழுந்து, லியென் பின்னால் போய், தெருவோரத்தில் உட்கார்ந்து, ஆசையாக ஏதோ ஒரு சூப்பைக் குடித்துவிட்டு, நிமிர்ந்தபோது எதிரே ஆறும் ஆற்றின் மேல் விளக்கேற்றிய படகுகளும் இருக்கக் கண்டு வாயடைத்துத் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள், போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுவும் ஒரு வகையில் சரியாகவே நடந்தது. வெள்ளை வெறுமைக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஆன்லூவில் கால் வைக்காமல் ஊரில் இருந்தவர்களுக்குப் படத்தில் கோபுரம் தெரிந்தது, "சூப்பர்" என்று பதில் வந்தது. எடுத்தவர்களுக்குத் தங்கள் முகம் மட்டும் தெரிந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். சாப்பிடாதவர்கள் தெருவில் இறங்கினால் மோதிக்கொள்ளாமல் இருக்க விடுதிக்காரர்கள் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். மஞ்சள் தொப்பியைக் கண்டால் ஆன்லூவின் ஸ்கூட்டர்காரர்கள், நம்மூரில் மாட்டைக் கண்டு ஒதுங்குவது போல, திட்டாமல் ஒதுங்கிப் போனார்கள்.

நல்லசிவத்துக்கு ஊர் தெரியாதது ஒரு குறையாகவே படவில்லை. வாழ்நாளெல்லாம் கம்பத்தின் மேல் ஏறி நின்று கம்பியை மட்டும் பார்த்தவர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். தயிர்சோறு போட்டார்கள். இராஜாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்குப் பசியில்லீங்க என்றாள். பேருந்து நின்ற இடத்திலெல்லாம் லியெனோடு இறங்கி ஐந்து கடையில் தின்றிருந்தாள். "அந்த ஊறுகாயை எடு" என்றார். ஊறுகாய்ப் புட்டி மேசையிலிருந்து தானாக எழுந்து, காற்றில் வந்து, அவர் தட்டருகே அமர்ந்தது.

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இராஜாமணியின் கை முழங்கை வரைதான் இருந்தது. அதற்குக் கீழே வளையல்களும் இல்லை, விரல்களும் இல்லை.

"என்னுங்க அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய கை தோள் வரை மறைந்திருந்தது. மதியத்துக்குள் சேலை மட்டும் கொஞ்ச நேரம் நடமாடிற்று; பிறகு அதுவும் இல்லை. குரல் மட்டும் இருந்தது. விடுதி வரவேற்பு மேசையில் இருந்தவர் நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், கேட்காமலே இழுப்பறையைத் திறந்து, குடை இரவல் கொடுப்பதைப் போல ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து வைத்தார். ஒரு முனையைக் கணவன் மணிக்கட்டிலும் இன்னொரு முனையை மனைவி மணிக்கட்டிலும் கட்டிக்கொள்ள வேண்டும்; கயிறு இரண்டு பேரையும் தொடுவதால் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். இழுப்பறைக்குள் அப்படி ஒரு கத்தைக் கயிறு இருந்தது.

"இதுக்கு என்ன வழி?" என்று நல்லசிவம் லியெனைக் கேட்டார்.

"ரெண்டு வழி இருக்குங்க அய்யா. அம்மா உங்க பானைலிருந்து ஒரு வாய் தின்னா, அம்மா இந்தப் பக்கம் வந்துருவாங்க. நீங்க எங்க சட்டிலிருந்து ஒரு வாய் தின்னா, நீங்க அந்தப் பக்கம் போயிருவீங்க. ஒரு பானைல தின்னவங்கதான் ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியும். ரெண்டுலயும் தின்னா எல்லாரையும் பாக்கலாம், என்னை மாதிரி, இந்த விடுதிக்காரங்க மாதிரி."

நல்லசிவத்துக்கு மனப்பாரம் இறங்கிற்று. இவ்வளவுதானா. ஒரு தட்டில் தயிர்சோறு வாங்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடியே போனார். விடுதிக்கு முன்னால் படிகள் இறங்கின. அங்கே ஆறு இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது படிக்குக் கீழே அவருக்கு வெள்ளைதான்.

"இந்தா, ஒரு வாய் தின்னு, போதும்" என்றார் காற்றைப் பார்த்து.

"வேண்டாமுங்க."

"ஏய், என்ன வெளையாட்டா இது? உன்னைய நான் பாத்து ரெண்டு மணி நேரமாச்சு."

"அப்ப நீங்க வாங்க. இங்க சோளமாவுல பால் ஊத்தி ஒண்ணு தர்றாங்க, அப்படியே தொண்டைல நிக்காம எறங்குது. வந்து ஒரு வாய் தின்னு பாருங்க."

"என்ற பழக்கம் உனக்குத் தெரியாதா?"

கயிறு தளர்ந்தது. பிறகு அவள் பேசினாள். அவள் சத்தம் போடவில்லை.

"உங்க பழக்கம் எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும். வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சு அதைக் காப்பாத்துனவ நானு. முப்பத்தெட்டு வருசமுங்க. நீங்க என்ற கைச்சோத்தத் தவிர வேற தின்னதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லறீங்க. நானும் அதையேதான் தின்னுட்டிருக்கறேன், அத ஒருத்தரும் சொல்லல. அடுத்தவங்க ஆக்கி, என்னைய ஒக்கார வெச்சுப் போட்டது ரெண்டு பிரசவத்துக்குத்தான். இந்த நாலு நாளைக்கு நம்ம பானைல நான் கை நனைக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்."

கை நனைக்க மாட்டேன் என்பது அவர்கள் பக்கத்தில் லேசில் எடுக்கிற வார்த்தை இல்லை. பங்காளி வீட்டில் பகை வந்தால் சொல்வார்கள். சொல்லிவிட்டால் கல்யாணமே ஆனாலும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் எழுந்து வருவார்கள். அதை நல்லசிவம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் வீட்டிலேயே, அவர் பெண்டாட்டியே, அவரைப் பார்த்துச் சொல்வாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தயிர்சோற்றைப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கயிறு இறுகிற்று. அவளும் எழுந்துதான் வந்தாள்.

கூட்டம் இதையும் ஏற்றுக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியை யாரும் இழுத்து உட்காராமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பானையிலும் தின்ற எட்டுப் பேர் சேதி கொண்டு போய்க் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பாக்கியம் டீச்சர் வந்து, "நல்லசிவம், உங்க வீட்டம்மா ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறாங்க" என்பார். "போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்பார் இவர். "எனக்கே கேக்குது, நீங்களே சொல்ல வேண்டியதுதானே" என்று அவள் குரல் வரும். கூட்டம் இரண்டு கட்சியாகவும் பிரிந்தது. இத்தனை வயசுக்கு மேல் பொம்பளைக்கு இது என்ன வீம்பு என்றார்கள் மஞ்சள் தொப்பிக்காரர்கள். ஒரு வாய் தின்றால் மனுசன் செத்தா போவான் என்றார்கள் மற்றவர்கள்.

சனிக்கிழமை காலையில் குரலும் மெலிந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ போல வந்தது, பிறகு அடுத்த தெரு ரேடியோ போல. ஒன்பது மணி இருக்கும், "ஏனுங்க, நான்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள், மீதி வரவே இல்லை. அதற்குப் பிறகு கயிறு மட்டும்தான்.

நல்லசிவம் லியெனைத் தேடிப் போனார். அவள் சுவரோரம் நின்று போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் காதில் வைத்து, "பச்சைப் புடவை அய்யா, மாம்பழக் கரை. தலைல கனகாம்பரம் வெச்சிருக்காங்க. சிரிக்கல. ஆனா கோபமாவும் இல்ல" என்று சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யார் அது?"

"தஞ்சாவூர்க்காரர். மூணு வருசம் முன்னால வந்தாங்க. அவரும் உங்களை மாதிரிதான், தின்ன மாட்டேன்னுட்டார். அம்மாவும் எறங்கி வரல. அப்படியே கெளம்பிப் போயிட்டாங்க. எங்க ஊர் எல்லையத் தாண்டறப்ப எப்படி இருக்குதோ அப்படியே நின்னுரும் அய்யா. அப்புறம் எந்தப் பானைல தின்னாலும் மாறாது. ஒரே வீட்டுலதான் இருக்காங்க. அவர் தினமும் வீட்டைப் படம் எடுத்து அனுப்புவார், எங்க நிக்கறாங்க, என்ன புடவைன்னு நான் பாத்துச் சொல்லுவேன்."

"அந்தம்மாவுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும். ரொம்பத் தூரத்துல தெரியும்னு சொன்னாங்க. ஆத்துக்கு அந்தக் கரைல நிக்கற ஆள் மாதிரி."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு விமான நிலையத்துக்குப் பேருந்து. நல்லசிவம் கணக்குப் போட்டார். முழுதாக ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. முப்பத்துமூவாயிரம் வோல்ட் கம்பியின் அருகில் நிற்கும்போதுகூட அவருக்கு வியர்த்ததில்லை.

"கூட்டிட்டுப் போ. தின்னறேன்" என்றார்.

லியென் அவர் முழங்கையைப் பிடித்து வெள்ளைக்குள் நடத்திப் போனாள். இடது கையில் கயிறு கூடவே வந்தது. ஓரிடத்தில் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்; அடியில் ஒரு முக்காலி இருந்திருக்க வேண்டும். கையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். சூடு தெரிந்தது, கனம் தெரிந்தது, கிண்ணம் தெரியவில்லை. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெரிய மனுசர் வெறுங்கையை வாய்க்குக் கொண்டு போய்க் கொண்டு போய்ச் சாப்பிட்டார். கண்ணை இறுக்கிக்கொண்டார். மூச்சை அடக்கி விழுங்கினார். மூன்றாவது வாய் திரும்பி வந்தது. மறுபடியும் உள்ளே தள்ளினார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

வெள்ளை.

அவருக்கு முன்னால் இருந்த வெள்ளையோடு லியென் ஏதோ பேசினாள். பிறகு அவரிடம் சொன்னாள். "கடைக்காரம்மா காசு வேண்டாங்கறாங்க. இவர் மருந்து குடிச்சுட்டுப் போறார், சாப்பிடலன்னு சொல்றாங்க. பயத்துல முழுங்கினது எங்க ஊர்ல சோத்துல சேராது அய்யா."

"பின்னே என்ன பண்ணச் சொல்ற? பயமாத்தானே இருக்குது!"

லியென் வெறும் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

அவர் விடுதிக்குத் திரும்பினார். மதியம் சாம்பார் சாதத்தைத் தொடவில்லை. மாலையில் வெங்காயப் பஜ்ஜி போட்டார்கள், அதையும் தொடவில்லை. வீம்புக்கு அல்ல, தட்டைப் பார்த்ததும் காலையில் குடித்த கிண்ணந்தான் நினைவு வந்தது. வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் சமையல்காரர் கருணாகரன் விடுதியின் பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கருணாகரன் நிமிர்ந்து பார்த்து, "அக்காவுக்கும் ஒரு ஸ்டூல் போடட்டுங்களா? நின்னுட்டிருக்காங்க" என்றார்.

நல்லசிவம் அவரை உற்றுப் பார்த்தார். "உனக்குத் தெரியுதா?"

கருணாகரன் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். முகம் சுருங்கிற்று. "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கண்ணா. வந்த அன்னைக்கு சாயந்தரமே தின்னுட்டேன். தாம்பாளத்துல மீந்து கெடந்துச்சு, ஒண்ணல்ல, ஏழு. ஒரு நாளைக்கு முந்நூறு இட்லி ஊத்தறேன், உப்புப் பாக்க ஒரு விள்ளல் போடறதோட சரி, எனக்கு என்ற இட்லி எறங்கறதே இல்லீங்க. ஆக்கறவனுக்கு அடுத்தவன் ஆக்குனதுதாண்ணா ருசி. அது ஆக்காதவங்களுக்குப் புரியாது."

"அவ என்ன பண்ணறா?"

"உங்களத்தான் பாத்துட்டிருக்காங்க. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறாங்க. தூரமாத் தெரியறீங்க போல."

நல்லசிவம் கயிற்றின் முடிச்சைக் கட்டைவிரலால் தடவியபடி, கொசு கடிக்கும் வரை அங்கேயே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகளை எல்லாம் பேருந்தில் ஏற்றினார்கள். பாக்கியம் டீச்சர் படிக்கட்டில் நின்று பெயர் கூப்பிட்டார். டூர் மேனேஜர் தனசேகர் கடிகாரத்தைப் பார்த்தார், எல்லோரும் ஏற வேண்டும் என்றார். நல்லசிவம் ஒரு காலைப் படியில் வைத்தார். அப்போது கயிறு இழுத்தது.

மூன்று நாளில் கயிறு அப்படி இழுத்ததில்லை. கூடவே வந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, இறுகியிருக்கிறது, இழுத்ததில்லை. இப்போது பேருந்துக்கு எதிர்ப்பக்கமாக, வெள்ளைக்குள் இழுத்தது. அவர் படியிலிருந்து காலை எடுத்தார்.

"சார், எங்க போறீங்க? பத்து அம்பது ஆச்சு! செக்-இன் மூடிருவாங்க சார்!" தனசேகர் கத்தினார்.

கயிறு வெள்ளைக்குள் விறைத்து நீண்டு, கொஞ்ச தூரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அவர் அதன் பின்னால் நடந்தார். சிமெண்டுத் தரை முடிந்தது. அடுத்த அடி வைத்தபோது பாதத்துக்கு அடியில் உருண்டையாக ஏதோ நெளிந்தது. மூங்கில். பின்னாலிருந்து லியெனின் குரல் கேட்டது. "அய்யா, அது வாய்க்கால் பாலம்! கைப்பிடி கெடையாது! நேராப் போங்க, பக்கத்துல கால் வெக்காதீங்க!"

நாற்பது அடிக் கம்பத்தில் எத்தனையோ முறை ஏறியவர்தான். ஆனால் கம்பத்தில் எதைப் பிடிக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. நடுவில் ஒரு சிவப்புக் கயிறும், நெளிகிற மூங்கிலும், அவருடைய இரண்டு செருப்பும். செருப்பைக் கழற்றினார். ஒன்று உருண்டு பக்கவாட்டில் விழுந்தது. எங்கோ கீழே விழுந்திருக்கும், சத்தம் வரவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. நின்றார். கயிறும் நின்றது. அவர் ஓர் அடி வைத்தார், கயிறு ஓர் அடி போயிற்று. அவர் தடுமாறி ஒரு பக்கம் சாய்ந்தபோது கயிறு வெடுக்கென்று மறுபக்கம் இழுத்து அவரை நிமிர்த்திற்று. அந்த இழுப்பில் இருந்த வேகத்தையும் எரிச்சலையும் அவருக்குத் தெரியும். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சட்டையைப் பிடித்து இழுக்கிற அதே இழுப்பு.

மறுபடியும் மண். கயிறு கீழ்நோக்கித் தாழ்ந்தது. தடவிப் பார்த்தார், ஒரு பலகை இருந்தது. உட்கார்ந்தார். முன்னால் ஏதோ மேசை போல. அதன்மேல் ஒரு கிண்ணம் வந்து அமர்ந்த சூடு முகத்தில் அடித்தது. எலுமிச்சைப்புல்லும், கருகவிட்ட வெங்காயமும், எதுவென்று தெரியாத ஒரு தழையும் மணத்தன. வாயில் எச்சில் ஊறிற்று. கை தானாகக் கிண்ணத்துக்குப் போயிற்று.

போன கை நின்றது.

கல்யாணமான முதல் நாளிலிருந்து, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே இலையில் அவள் உட்கார்வாள். அதுதான் வழக்கம், அவர் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான். இலை போய்த் தட்டு வந்த பிறகும், பிள்ளைகள் இரண்டும் அதைக் கேலி செய்த பிறகும், அது மாறவில்லை. அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், அப்போது குழம்பு மீதி இருந்ததா என்பதெல்லாம் அவர் கை கழுவப் போன பிறகு நடந்தவை. அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. கயிறும் இல்லாமல், இப்படி ஒரு ஊரும் இல்லாமல், அவள் முப்பத்தெட்டு வருடமாகத் தினம் மூன்று வேளை அவர் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறாள்.

கிண்ணத்தைத் தள்ளினார். கயிறு வந்த திசையில், மேசை மேல், இரண்டு கையாலும், கொட்டிவிடாமல் மெதுவாகத் தள்ளினார்.

"நீ தின்னு. சூடா இருக்குது. நான் அப்புறம்" என்றார்.

கயிறு அசையவில்லை. தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், பேருந்து ஹாரன் அடித்தது. தனசேகர் அடித்திருப்பார். இன்னொரு முறை அடித்தது.

"தின்னும்மிணி. நான் ஒக்காந்திருக்கறேன்."

கயிறு லேசாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. அவள் வலது மணிக்கட்டில் கட்டியிருந்ததால், ஒவ்வொரு வாய்க்கும் கயிறு அவர் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டு இழுத்தது. முதலில் வேகமாக, பஸ்ஸைப் பிடிக்கிறவள் போல, பிறகு நிதானமாக. நடுவில் ஒருமுறை வெகுநேரம் நின்றது, அவள் ஏதோ ஒன்றை மென்றுகொண்டிருக்க வேண்டும், அல்லது சும்மா இருந்தாள். அவர் காத்திருந்தார். இத்தனை பசியோடு ஒருவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பது என்னவென்று அவருக்கு இதுவரை தெரியாது. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பேருந்து ஹாரன் மூன்றாம் முறை அடித்துப் பாதியில் நின்றது. ஆன்லூக்காரரான ஓட்டுநர், இந்த மாதிரி விசயத்துக்கு ஆகிற நேரம் ஆகும் என்று தெரிந்தவர், தனசேகரின் கையைத் தட்டிவிட்டு இஞ்சினை அணைத்திருந்தார்.

கயிறு நின்றது. கிண்ணம் மேசையில் உராய்ந்து வந்து அவர் விரலில் முட்டியது. கனம் குறைந்திருந்தது, சூடு ஆறியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்தாள்.

அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, அள்ளி, தின்றார். யார் ஆக்கியது என்று நினைக்கவில்லை, என்ன போட்டிருக்கிறது என்று நினைக்கவில்லை, எப்போது கண் தெரியும் என்றுகூட நினைக்கவில்லை, பசித்தது, தின்றார். ஆறிப்போன குழம்பு புளித்தது, காரமாக இருந்தது, அடியில் எங்கோ தித்தித்தது. நூல் போன்ற அரிசி இழைகள் வழுக்கி ஓடின, துரத்திப் பிடித்துத் தின்றார். கிண்ணத்தின் அடியை வழித்தார். வழிக்கும்போது தன் விரல் நுனியில் ஒரு பச்சைத் தழை ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தின் நீலக் கரையைப் பார்த்தார். கரையைப் பிடித்தபடி இன்னொரு கை இருந்தது, தேய்ந்த தங்க வளையல் இரண்டும், அதன் மேல் சிவப்புக் கயிறும்.

அவர் உடனே நிமிரவில்லை. வளையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மெல்ல, கம்பத்தில் ஏறுவது போல, கை வழியாக, தோள் வழியாக ஏறினார்.

இராஜாமணியின் முகவாயில் குழம்பு ஒட்டியிருந்தது. மூன்று நாள் வெயிலில் கறுத்திருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், சுருக்கத்தை விட்டாள்.

"கிட்ட வந்துட்டீங்க" என்றாள்.

அவருக்குப் பின்னாலும் முன்னாலும், இரைச்சலோடும் புகையோடும் ஊர் எழுந்துகொண்டிருந்தது. அடுப்புகள், குடைகள், வாய்க்கால், அதன் மேல் இரண்டே மூங்கில் போட்ட பாலம், கரையெல்லாம் படகுகள், வழியைவிட்டு ஒதுங்கி நின்று தங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆன்லூவின் ஜனங்கள்.

"ஏனுங்க, உங்களுக்குப் பின்னாலதான் இருக்குது. திரும்பிப் பாருங்க, உச்சி தங்கந்தானுங்க. கோபுரம் தெரியுதுங்களா?"

"இருக்கட்டும், அது எங்க போயிரப்போகுது" என்றார் நல்லசிவம், திரும்பாமல். "நீ இன்னொண்ணு சொல்லு. ஒண்ணு போதாது, எனக்குப் பசிக்குது. உனக்கும் ஒண்ணு சொல்லு."